கண்டம் செய்ய ஒரு கையெழுத்து

செப்டம்பர் 1, திங்கள்

இது போன வருடத்து டைரி. தேதிகள் சரி, கிழமையை மட்டும் நான் அடித்து எழுத வேண்டும். கிழமை ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது என்பதற்காக முந்நூற்றுச் சொச்சம் வெள்ளைத்தாளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. கஞ்சப்பிசினாரி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இன்று மேசைக்கு வந்த கோப்பு. நொய்யலூர் மாநகராட்சியில் நான் உதவி நிரலாளர். அது காகிதத்தில். தட்டச்சராகச் சேர்ந்து இருபத்தேழு வருடமாகிறது. எந்த மேசையில் கம்ப்யூட்டர் நின்றாலும் "மணியக்காவக் கூப்புடு" என்பார்கள், அதுதான் என் உத்தியோகம். கோப்பில் தலைமை அலுவலகத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களின் எண்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பழுது நீக்க இயலாதது' என்று ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தார்கள். கீழே என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

இப்படிக் கழித்துக்கட்டுவதற்கு ஆபீஸ் பாஷையில் பெயர் கண்டம் பண்ணுவது. ஜோசியக்காரர் கண்டம் என்று சொன்னால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம், ஆனால் அவர் பரிகாரமாவது சொல்வார். எங்கள் கண்டத்துக்குப் பரிகாரம் கிடையாது. கையெழுத்து விழுந்ததும் ஏலக்காரரின் லாரி வந்துவிடும்.

உதவி ஆணையர் தனசீலன் சாரிடம் போனேன். அக்டோபர் ஆறாம் தேதி புதுக் கம்ப்யூட்டர்களுக்குத் திறப்பு விழாவாம். 'பசுமை அலுவலகத் திட்டம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதியவை கரண்டு கம்மியாகக் குடிக்குமாம்.

"இருபத்தாறாந் தேதிக்குள்ள வேணும்மா. இன்னைக்கே போட்டுட்டாலும் சரி."

"ஒவ்வொண்ணாப் பாத்துட்டுப் போடறனுங் சார்."

அதற்கு அவர் ஏதோ சொன்னார். மின்விசிறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. பார்த்த கம்ப்யூட்டர் பதினொன்று. பதினொன்றும் ஓடுகின்றன.

செப்டம்பர் 4, வியாழன்

வரிப் பிரிவு. அங்கே கோகிலவாணி என்று ஒரு கிளார்க். வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்லது. தன் பெட்டியைக் காட்டி, "இது செத்துப்போச்சுங்க்கா. தொட்டாச் சுடுது. அரைமணிக்கொருக்கா தானா நின்னுக்குது" என்றாள்.

ஸ்டோர்ஸ் பார்க்கும் ஷாஜகான் திருப்புளியும் தூசி ஊதுகிற மெஷினும் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினோம். உள்ளே பொரி. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி இருக்கும். நடுவில் காய்ந்துபோன ஒரு பல்லி.

"பிரசாதம் எடுத்துக்குங்க்கா" என்றார் ஷாஜகான்.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறோம். எங்கே வைப்பது? முன்பக்கம் வழவழவென்று இருக்கிறது, சந்தனம் வழுக்குகிறது. பக்கவாட்டில் சொரசொரவென்று ஓட்டை ஓட்டையாக இருக்கிறதே, அங்கே நன்றாகப் பிடிக்கும். அது காற்றுப் போகிற ஓட்டை. எட்டு வருடத்துச் சந்தனம் அங்கே சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. பெட்டியின் தலையில் பொரித்தட்டு. சிந்திய பொரிக்கு எறும்பு, எறும்புக்குப் பல்லி. மூக்கை அடைத்துவிட்டு, ஆள் சுணங்கிப் போனான், கழித்துக்கட்டு என்று என்னிடம் சான்று கேட்கிறார்கள்!

சுரண்டி, ஊதி, காற்றாடிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினோம். சாயங்காலம்வரை நிற்கவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நான் சொல்லித் தொலைத்தேன். கோகிலவாணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமி காரியத்தக் குத்தம் சொல்லாதீங்க்கா."

"சாமி கும்பிடு, வேண்டாங்கல. பொட்ட நெத்தியில வெய்யி. மூக்குல வெக்காத."

செப்டம்பர் 8, திங்கள்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலு மாடியும் நடந்தேன். ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவை தொண்ணூற்று நான்கு. ஏசி பதினெட்டில், பெண்கள் எல்லோரும் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நடுங்குகிறார்கள். மனுப் பிரிவில் அதைவிடக் கூத்து. மக்கள் வீட்டிலிருந்து ஆன்லைனில் மனுப் போடுகிறார்கள். அதை இங்கே பிரிண்ட் எடுத்து, சீல் அடித்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, மறுபடியும் ஆன்லைனில் ஏற்றுகிறார்கள். பிரிண்ட் எடுத்த தாள் மூட்டையாகப் போகிறது.

பசுமை அலுவலகத்தைப் புதுப் பெட்டியில் தேடுகிறார்கள். சுவிட்சை அணைக்க நம் பழைய விரலே போதாதா? பார்க்கிற இடத்திலெல்லாம் அணைத்துக்கொண்டே வந்தேன். மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். வரட்டும்.

செப்டம்பர் 10, புதன்

மனுப் பிரிவிலிருந்து ஒரு அம்மாவை என்னிடம் அனுப்பிவைத்தார்கள். பெயர் மாரக்காள், நம்முடைய துப்புரவுப் பணியாளர்தான், ஒப்பந்தத்தில் இருக்கிறாள். வீடு கண்ணாடிப்பள்ளம் என்கிற ஓடையின் ஓரம். பள்ளத்தில் ஒயர் எரிக்கிறார்கள், புகை தாங்கவில்லை என்று நாலு தடவை மனுப் போட்டிருக்கிறாள். நாலு தடவையும் 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று போனுக்குச் செய்தி வந்திருக்கிறது.

"கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லுதுங்க்கா. நீங்கதான் அதுக்கு டாக்டராமா?"

கம்ப்யூட்டர் சொல்லவில்லை, ஓர் ஆள் தட்டியதை அது காட்டுகிறது என்றேன். "அப்ப அந்த ஆள நீங்க கழட்டிப் பாருங்" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கு எதற்கு இந்த வேலை?

செப்டம்பர் 13, சனி

போய் வந்தேன். பள்ளத்தில் கரையெல்லாம் கறுப்புச் சாம்பல். ஒயரை எரித்தால் செம்பு மிஞ்சும், அதற்காக. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பச்சை அட்டைகளைப் பிளாஸ்டிக் தொட்டியில் ஆசிட் விட்டு ஊறப்போட்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் இரண்டு பேர் அக்கட்டால ஒதுங்கிப் போய்விட்டார்கள். தொண்டையில் இன்னும் அந்த நாற்றம் நிற்கிறது.

"பொகை வந்தாக் கதவச் சாத்திக்குவமுங். சாத்துனா உள்ளார வேகும். எம்பட புள்ள பத்தாவதுங்க்கா. மூச்சு வாங்கிக்கிட்டேதான் படிக்குது" என்றாள் மாரக்காள்.

வாசலில் பழைய கம்ப்யூட்டர் திரையின் கூடு ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் கிடந்ததை எடுத்துவந்து வைத்திருக்கிறாள். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ எண். வெயிலில் கண் கூசியது. அவசரமாகக் கிளம்பிவிட்டேன். டீ போட்டு வைத்திருந்தாள், குடிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தலைவலி. துணி ஊறவைத்ததோடு சரி.

செப்டம்பர் 17, புதன்

முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று அறுபத்தெட்டு, சுத்தம் செய்தாலே ஓடுகின்றன. முப்பத்தொன்றுக்குச் சின்ன உதிரிப்பாகம் வேண்டும். உண்மையாகவே செத்தவை பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றையும் ஏலத்தில் விடாமல், மின்கழிவை முறையாகப் பிரிக்க உரிமம் வாங்கிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று குறிப்பு எழுதி வைத்துவிட்டேன்.

தனசீலன் சார் படித்துவிட்டு, "உன்னைய டாக்டர் வேலை பாக்கச் சொல்லலியேம்மா, சர்டிபிகேட்தான் கேட்டேன்" என்றார். டாக்டர் பார்க்காமல் எப்படிச் சார் சர்டிபிகேட் தருவார்?

செப்டம்பர் 19, வெள்ளி

எங்கள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ஒரு டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் தீர்த்துவிடுவார். "மடியில கனமில்லீனா வழியில என்ன பயம்? உள்ளத எழுதிக் குடுத்துட்டு வா" என்றார். அரிசியும்பருப்பு சாதம் அவருக்குப் பிடிக்கும் என்று செய்தேன். நான் சாப்பிடவில்லை, பசியில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

சார் கூப்பிட்டு மேசைமேல் ஒரு பழைய கோப்பை வைத்தார். பிரித்துக்கூடக் காட்டவில்லை. எனக்குத் தெரியாதா அந்தக் கோப்பு.

"நூத்திப் பதினெட்டு. மூணு வருசத்துக்கு முன்னால, ஒரே மத்தியானம். எத்தனை பொட்டியத் தொறந்து பாத்தம்மா அன்னைக்கி?"

கோப்பை என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"பழச நான் கெளறல. புதுச நீ கெளறாத. பதவி உயர்வுப் பட்டியல்ல உன் பேரு ரெண்டாவது இருக்குது. இன்னும் நாலு வருசம் சர்வீஸ் பாக்கி இருக்குது. வெள்ளிக்கிழமை கையெழுத்தோட வா."

இந்த டைரியில் நான் மூன்று இடத்தில் பொய் எழுதியிருக்கிறேன். யாருக்காக எழுதினேனோ தெரியவில்லை, படிப்பதும் நான்தான். முதல் தேதி மின்விசிறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காமல் போகவில்லை. "போன தடவ பாத்துட்டா போட்ட?" என்று கேட்டார், தெளிவாகக் கேட்டது. பதின்மூன்றாம் தேதி வெயிலில் கண்ணும் கூசவில்லை. கூட்டின் மேல் இருந்த எண் அறுபத்து நான்கு, அந்த நூற்றுப் பதினெட்டில் ஒன்று. ஒவ்வொரு பெட்டிக்கும் திரைக்கும் பெயிண்டில் எண் எழுதியது நான். நாலைத் தலை மூடி எழுதுவது என் பழக்கம். டீயையும் அவசரத்தில் விட்டுவிட்டு வரவில்லை. அந்த வீட்டு டம்ளரை எந்த முகத்தோடு கையில் வாங்குவது என்று ஓடிவந்தேன். நான் ஏன் குடிக்கவில்லை என்று மாரக்காள் என்ன நினைத்திருப்பாள் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியும். அதுதான் ரொம்பக் கொல்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் கோப்பு வந்த அன்று மகளுக்கு வளைகாப்பு. மூன்று மணிக்குக் கிளம்ப அனுமதி வேண்டும். கோப்பை நீட்டினார்கள், இருபது நிமிடத்தில் நூற்றுப் பதினெட்டு வரிக்கும் போட்டுக்கொடுத்தேன். ஒன்றையும் பார்க்கவில்லை. கை வலித்தது என்று வீட்டில் வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. எழுதியாகிவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

ஷாஜகானிடம் எல்லாவற்றையும் சொல்லி, தப்பை ஒப்புக்கொண்டு கடிதம் கொடுக்கப்போகிறேன் என்றேன். அவரும் என் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று நின்றார்.

"நாலு பேரு சேந்து செஞ்ச தப்பில்ல தம்பி இது. நான் ஒருத்தி போட்ட கையெழுத்து. உனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது, பேசாம இரு."

"செரிங்க்கா. ஆனா லாரிக்குக் கேட் பாஸ் எம்பட கையெழுத்து. அது எம்பட இஷ்டம். அதுல நீங்க வராதீங்" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

செப்டம்பர் 26, வெள்ளி

இரண்டு காகிதம். ஒன்று, பதின்மூன்றுக்கு மட்டும் சான்று. இன்னொன்று, மூன்று வருடத்துக்கு முன்னால் நூற்றுப் பதினெட்டு கம்ப்யூட்டர்களைப் பார்க்காமலே பழுது என்று சான்றளித்தேன், அவை கண்ணாடிப்பள்ளத்தில் எரிக்கப்பட்டிருப்பதை என் கண்ணால் கண்டேன் என்று நானே எழுதிய கடிதம். நகல் ஆணையருக்கும் தணிக்கைக்கும்.

சாரிடம் கையில் கொடுக்கவில்லை. கையில் கொடுத்த காகிதம் டிராயருக்குள் போய்விடும். நேராகத் தபால் பிரிவுக்குப் போய் வரிசையில் நின்றேன். பதிவேட்டில் எண் ஏறி, வட்டச் சீல் விழுந்துவிட்டால் அப்புறம் அந்தக் காகிதத்தை அப்பன் முருகனே வந்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது. தபால் கிளார்க் தலைப்பைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சீங்களா மேடம்?"

"யோசிக்காமப் போட்டதுக்குத்தான் இந்தக் கடுதாசியே. சீல அழுத்திக் குத்துங்."

மூன்று நகலிலும் குத்தினார். அதற்குள் மாடிக்குச் சேதி போய்விட்டது. சார் படியிறங்கி வந்து எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். துரோகி என்று ஒரு வார்த்தை வந்தது. "உன்னோட சேத்து ஆபீசையும் நாறடிச்சிட்டியே!"

"நாறுறது பள்ளத்துலங் சார். இங்க வரைக்கும் இன்னும் வரலீங்" என்றேன்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மூணு வருசமா எங்கிட்டச் சொல்லாம வெச்சிருந்தியா?" என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 27, சனி

கண்ணாடிப்பள்ளம் போனேன். "அன்னைக்கிக் குடிக்காமப் போன டீய இன்னைக்கிக் குடு" என்று உட்கார்ந்தேன். கூட்டின் எண்ணையும் கையெழுத்தையும் சொன்னேன். மாரக்காள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"எங்க வீட்ல குடிக்க மாட்டீங்கன்னுதான் நெனச்சனுங். இது வேற மாதிரியா" என்றாள். அப்புறம், "எனக்கு உங்க கடுதாசில ஒரு பிரதி வேணுங்க்கா. நாலு மனு தட்டிவிட்டாங்க. அஞ்சாவது மனுவுல இதச் சேத்துப் போடறேன்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிரதி கொடுத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளையும் மறுநாளும் விடுமுறை என்பதால் ஆபீசில் இன்றே ஆயுத பூஜை. என்னோடு பாதிப்பேர் பேசுவதில்லை. 'ஓட்டையில் பொட்டு வேண்டாம்' என்று நான் ஒட்டிய தாளைக் கிழித்து, அதிலேயே பொரி மடித்துத் தந்தார்கள். தாளை வீணாக்கவில்லை, அந்த மட்டும் சந்தோஷம்.

வரிப் பிரிவில் மட்டும் பொட்டு முன்பக்கம் இருந்தது. கோகிலவாணி என்னைப் பார்க்காமல், "வழுக்குது. கொஞ்சம் கெட்டியாக் கொழச்சா நிக்குது" என்று சுவரிடம் சொன்னாள்.

அக்டோபர் 3, வெள்ளி

லாரி வந்தது. காலை பதினொன்றிலிருந்து நான்கரை வரை கேட்டுக்குள் நின்றது. பதின்மூன்றுக்குத்தான் சான்று இருக்கிறது, அதுவும் ஏலத்துக்கு இல்லை என்று ஷாஜகான் கேட் பாஸ் போட மறுத்துவிட்டார். மேலிருந்து மூன்று போன். மூன்றுக்கும், "எழுத்துல குடுங் சார், போட்டுர்றேன்" என்று ஒரே பதில். எழுத்தில் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை. காலி லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது போர்டிகோத் தூணில் இடித்துவிட்டுப் போனது.

அக்டோபர் 6, திங்கள்

திறப்பு விழா. 'பசுமை அலுவலகம்' என்று நாற்பதடி பிளாஸ்டிக் பிளக்ஸ். புதுப் பெட்டிகளுக்கு மாலை போட்டார்கள், கைதட்டினார்கள். மென்பொருள் ஏற்றாததால் ஒன்றும் ஓடவில்லை. ஏற்ற வேண்டியவள் நான், என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆணையர் மேடையை விட்டு இறங்கும்போது என் பக்கம் நின்று, "உங்க லெட்டர் படிச்சேன்" என்றார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் தெரியவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மாரக்காள் போன் பண்ணினாள். நேற்றும் புகையாம். "உங்க ஆபீசுது இல்லீங்க்கா, வேற எங்கிருந்தோ வருது" என்றாள். ஐந்தாவது மனுவைப் போட்டுவிட்டாளாம். அதையும் தபாலில் சீல் வாங்கித்தான் கொடுத்திருக்கிறாள். பரவாயில்லையே!

அக்டோபர் 9, வியாழன்

வந்துவிட்டது. 17பி. ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரும் போய்விட்டதாம், கோகிலவாணி ஓடிவந்து சொன்னாள், அவள் கண்தான் கலங்கியிருந்தது.

குற்றச்சாட்டு இரண்டு. ஒன்று: மூன்று வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர்களைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது. இரண்டு: இந்த வருடம் கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட மறுத்தது. இரண்டும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக. எழுதியவர் ஒரு தடவை திருப்பிப் படித்திருக்கலாம்.

விளக்கம் தர பதினைந்து நாள் அவகாசம். எனக்குப் பத்து நிமிடம் போதும். யாராவது தேவையில்லாமல் பிரிண்ட் எடுத்தால் ஆளைப் பிடிக்கலாம் என்று, தாளின் அடியில் கம்ப்யூட்டர் எண்ணும் நேரமும் பொடி எழுத்தில் விழும்படி நான் முன்பே செய்து வைத்திருக்கிறேன். குறிப்பாணையின் அடியிலும் விழுந்திருந்தது. தனசீலன் சாரின் ஸ்டெனோ மேசைக் கம்ப்யூட்டர். கண்டம் பட்டியலை எடுத்து ஒத்துப்பார்த்தேன். அதே எண் அதில் இருக்கிறது.

பதிலை எழுதித் தபாலில் சீல் வாங்கிவிட்டேன். முழுப் பதிலும் இவ்வளவுதான்:

'முதல் குற்றச்சாட்டு உண்மை. ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. இரண்டாவது குற்றச்சாட்டுக்கு இத்துடன் ஒரு சாட்சியம் இணைத்துள்ளேன்.

இணைப்பு: மேற்படி குறிப்பாணையின் நகல். இது, பழுது நீக்க இயலாதது என்று தாங்கள் பட்டியலிட்ட 87ஆம் எண் கணினியில் இன்று காலை 10.42க்குத் தட்டச்சு செய்யப்பட்டது. வசந்தாமணி என்ற என் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. அது கணினியின் பழுது அல்ல.'